அக்கா போட்ட கோடு

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். கடிதம் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. என்னைப் போன்றவள் எழுத வரலாமா என்று பல நாள் தயங்கிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆவணி மாதம் நடந்தது இது. சேந்தமங்கலத்தில் ஒரு வாடகை வீட்டில் பெண்களுக்குத் தையல் பயிற்சி கொடுத்தார்கள். கணவனை இழந்தவர்கள், கணவன் விட்டுப் போனவர்கள் என்று பன்னிரண்டு பேர் இருந்தோம். என் கணவர் போர்வெல் லாரியோடு வடக்கே போனவர். மூன்று வருடமாக ஒரு தகவலும் இல்லை.

அங்கே தையல் மட்டும் சொல்லித்தரவில்லை. வேலை கேட்டுப் போனால் நாற்காலியில் நன்றாக உட்கார வேண்டும், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து, காதில் விழும்படி பேச வேண்டும் என்றெல்லாம் பழக்கினார்கள். எனக்கு எதுவும் வரவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"அம்மணி, நீ பேசறது உன்ற காதுக்காச்சும் கேக்குதா?" என்பார் டீச்சர். எல்லோரும் சிரிப்பார்கள்.

எனக்குப் பக்கத்து மெஷினில் நாமகிரிப்பேட்டையிலிருந்து வரும் ஓர் அக்கா இருந்தார். அவர் கணவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மகளோடு தம்பி வீட்டில் இருந்தார். தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். "வர்றவ மூஞ்சியத் தூக்கறதுக்குள்ள நானும் புள்ளையும் ஒரு ரூம் பாத்துப் போயிரோணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். துணி வெட்டுவதில் எங்கள் எல்லோரையும் விட அவர் கை சுத்தம்.

நாமக்கல்லில் ஒரு தையல் கடைக்கு ஆள் தேவைப்பட்டது. வேலை ஒருவருக்குத்தான். டீச்சர் எங்கள் இருவரையும் அனுப்பினார். "கையைப் பாத்து வேலை குடுக்கட்டும். ஊட்டுக்கதை எதுவும் நீங்களாச் சொல்ல வேண்டாம்" என்று சொல்லி, அக்காவின் நெற்றியில் தானே சாந்துப் பொட்டு வைத்துவிட்டார். பயிற்சியில் கொடுத்த நீலப் புடவையை இருவரும் கட்டியிருந்தோம். பஸ்ஸில் போகும்போது அக்கா அடிக்கடி பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கடைக்காரம்மா அக்காவிடம் ஒரு பட்டுத்துணியைக் கொடுத்து வெட்டச் சொன்னார். என்னிடம் ஒரு பாவாடையைக் கொடுத்து ஓரம் அடிக்கச் சொன்னார். பட்டுத்துணி முகூர்த்த ரவிக்கைக்கு உரியது. மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. அக்கா அளவு பார்த்து, சாக்பீஸால் கோடு போட்டு முடித்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார்.

எனக்குக் கை ஓடவில்லை. யாரோ ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பழி அக்காவுக்குத்தானே வரும்? நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

"அக்கா, நீங்க வேண்டாங்க. மொத வெட்டு நான் போட்டுத் தாரேன்" என்றேன்.

கடைக்காரம்மா நிமிர்ந்தார். "ஏஞ்சாமி? அவங்க நல்லாத்தானே கோடு போட்டிருக்காங்க?"

அவர் முகத்தைப் பார்த்து, நன்றாகக் கேட்கும்படி சொன்னேன். "அவங்களுக்கு ஊட்டுக்காரர் இல்லீங்க."

கடைக்காரம்மா அக்காவின் நெற்றிப் பொட்டைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார் கடைக்காரம்மா, அக்காவிடம். "பொண்ணூட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா நான் என்னன்னு பதில் சொல்றது?"

அக்கா கத்தரிக்கோலைத் திருப்பி, பிடி என் பக்கம் வரும்படி நீட்டினார். நான் அவர் போட்ட கோட்டின் மேலேயே வெட்டினேன்.

கடைக்காரம்மா துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். "சுத்தமா இருக்குது. நாளைக்கே வந்துரு" என்றார். அது அக்கா போட்ட கோடு என்று நான் சொல்லவில்லை. கடைக்காரம்மாவுக்கும் அது தெரியும். ஆனாலும் நான் சொல்லியிருக்க வேண்டும்.

திரும்பும்போது அக்கா பொட்டை அழிக்கவில்லை. நான்தான் அதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாதி வழியில் கேட்டார்.

"உன்ற ஊட்டுக்காரர் இப்ப எங்க இருக்காருன்னு தெரியுமா கண்ணு?"

"தெரியாதுங்கக்கா."

"என்ற ஊட்டுக்காரரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியும். நம்ம ரெண்டு பேருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்."

அதில் கோபம் இல்லை. சேந்தமங்கலத்தில் இறங்கும்போது என் பையைக்கூட எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகு அவர் பயிற்சிக்கு வரவில்லை. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கு தோல் சீவப் போகிறார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இவளுக்கு வாய் திறந்து பேசவே வராது என்று இன்றும் வீட்டில் சொல்வார்கள். ஒரு தடவை பேசியிருக்கிறேன் என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

பட்டுத்துணியை வெட்டிய மறுநாள் காலை நான் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வேலையாக அந்த ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தைத்தேன்.