சூடு தாங்காத புரதம்

தொண்ணூறுகளில் கோவையில் நான் ஆராய்ச்சி மாணவி. எடுத்த தலைப்பு, நீட்சிக் காரணி என்னும் புரதம். "நம்மூர் கரண்ட்டை நம்பி இதைத் தொடாதேம்மா" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். இந்த முறையும் புரதம் கெட்டால் தலைப்பையே மாற்றிவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார்.

எனக்கோ வீம்பு. செல்லுக்குள் புரதம் கட்டுகிற இடம் ரைபோசோம். அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துச் சங்கிலியாக்கும். ஆனால் அடுத்த அமிலம் தானாக வந்து உட்காராது. அதைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வை இந்தக் காரணிதான் கூட்டிவரும். அந்த இடத்துக்கு வேண்டிய அமிலமாகப் பொருந்தினால் இறக்கிவிட்டுக் கிளம்பும். பொருந்தாதது பெரும்பாலும் வந்த வழியே திரும்பிவிடும். பிறகு இன்னொரு காரணி ரைபோசோமை ஒரு படி நகர்த்தும். இலை போட்டால் மட்டும் பந்தி நடந்துவிடுமா, பரிமாற ஆள் வேண்டாமா? பாடப் புத்தகத்தில் பெயரெல்லாம் ரைபோசோமுக்கு, காரணிக்கு ஒரு பத்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரே தொல்லை, பாக்டீரியாவிலிருந்து நான் பிரித்தெடுத்த காரணி சூடு தாங்காது. குளிர் போனால் செத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவிநாசியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் நான் வீட்டில் காபித் தட்டோடு நிற்க வேண்டும். பட்டுப் புடவையோடு ஆய்வகத்தைப் பூட்டப் போகிற நேரத்தில் கரண்ட் போனது. குளிர்பெட்டிக்குள் பல வார உழைப்பு. அப்போதே துறையின் டெலிபோன் அடித்தது, அம்மா.

"எங்க கண்ணு இருக்கறே? அவங்கெல்லாம் வந்துபோட்டாங்க."

"கரண்ட் போயிருச்சுங்கம்மா. ஐஸ் வாங்கோணும்."

"ஐஸா? கண்ணாலத்தவிட அது பெருசா?"

"இன்னைக்கு ஆமாங்கம்மா."

மொபெட்டை எடுத்துக்கொண்டு உக்கடம் மீன் மார்க்கெட் பக்கம் போனேன். சாக்கில் சுற்றிய ஐஸ் பாளத்தைக் காலடியில் வைத்து ஓட்டிவந்து, சுத்தியலால் உடைத்து, புரதம் இருந்த குழாய்களை அதில் புதைத்தேன். கரண்ட் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பட்டுப் புடவை முழுக்க மீன் நாற்றம்.

வீட்டுக்குப் போனபோது அவர்கள் நாலரைக்கு முன்பே கிளம்பியிருந்தார்கள். பெண்ணுக்குத் திமிர் என்றார்களாம். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வருத்தம் துளியும் இல்லை, கோபம்தான். புரதத்தைக் கெட விட்டுவிட்டு வந்திருந்தால் அடக்கமான பெண் என்றிருப்பார்கள்.

மறுநாள் சோதித்தேன். காரணி சேர்க்காத குழாயில் ரைபோசோம் சும்மா கிடந்தது. சேர்த்த குழாயில் சங்கிலி நீண்டிருந்தது. பேராசிரியர் முடிவை இரண்டு முறை பார்த்தார். தலைப்பை மாற்றும் பேச்சு அதோடு நின்றது.

அடுத்த மாதம் இன்னொரு வரன் வந்தது. அப்பா என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு வாராங்க. ஊட்ல இரு அம்மணி."

"கரண்ட் இருந்தா வாரேனுங்கப்பா" என்றேன்.