படகுகள் இல்லாத படம்

பெஞ்சமினுக்கு ஐம்பத்தெட்டு முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. படூரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷம் உதவியாளராக ஓட்டிவிட்டார். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அடுக்குவது, ஆசிட் பாட்டில்களுக்குப் பெயர் எழுதி ஒட்டுவது, மாணவர்கள் உடைத்ததைக் குறித்து வைப்பது, இதுதான் வேலை. ஆனால் கல்லூரியில் 'லேப் பெஞ்சமின்' என்றால் யாருக்கும் தெரியாது. 'போட்டோ பெஞ்சமின்' என்றால் வாட்ச்மேன் கூட வழி காட்டுவார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் உதவிப் பேராசிரியர் ஹேமந்த் ஆய்வகத்துக்குள் தலையை நீட்டினான்.

"சார், நீங்க ரிட்டயர் ஆவுற அன்னிக்கு செமினார் ஹால்ல உங்க படங்கள மாட்டலாம்னு பிரின்சிபால் சொல்றாரு. உங்களுக்கு ரொம்பப் பிடிச்சதா ஒரு அஞ்சு குடுங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழ ரெண்டு வரி, அது எப்படி எடுத்தீங்கன்னு. அவ்ளோதான்."

"சரி சார்" என்றார் பெஞ்சமின். தன்னைவிட முப்பது வயது சின்னவனையும் அவர் சார் என்றுதான் கூப்பிடுவார்.

எந்தப் படங்கள் என்பதில் அவருக்கு யோசனையே வேண்டியிருக்கவில்லை. ரயிலில் செங்கல்பட்டு திரும்பும்போதே இரண்டு முடிவாகிவிட்டன. மற்ற மூன்றுக்கு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்த இரண்டுக்கும் கீழே இரண்டு வரி எழுதுவதுதான் ஆகாத காரியமாக இருந்தது.

அவர் கேமராவைத் தொட்டதற்கே ஒரு காரணம் உண்டு. அவருடைய அப்பா தாவீது, திருக்கழுக்குன்றம் பக்கத்தில் வாசுதேவன் என்ற பண்ணையாரின் நிலத்தில் கூலிக்கு உழுதவர். அப்பா செத்தபோது சுவரில் மாட்ட ஒரு படம் கிடையாது. பண்ணையார் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில் இருப்பதாக யாரோ சொல்ல, பெஞ்சமின் போய்க் கேட்டு வாங்கிப் பார்த்தார். பந்தல்காலைப் பிடித்தபடி ஒரு தோளும் ஒரு கையும் இருந்தன. முகத்துக்கு முன்னாலேயே படம் முடிந்துவிட்டது. கல்லூரியில் சேர்ந்து ஆறாவது மாதம் பர்மா பஜாருக்குப் போய் ஒரு பழைய கேமரா வாங்கினார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் மாமல்லபுரம் பஸ்ஸைப் பிடித்துவிடுவார். சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்கும் கற்கோயில் பக்கம் அவர் போனதில்லை. இன்னும் தெற்கே தள்ளி ஒரு குப்பம் இருந்தது. அங்கே இறங்கி மணலில் நடப்பார்.

ஆதியம்மாள் பழக்கமானது அங்கேதான். அவருக்கு ஐந்தாறு வயது மூத்தவள். புருஷன் கடலில் போய்விட்டான். அரசு என்ற அவள் மகன் பைபர் படகில் போய்க் கொண்டுவரும் மீனை அன்னக்கூடையில் சுமந்து, திருக்கழுக்குன்றம் வரை விற்றுவிட்டு வருவாள். முதலில் கேமராவைப் பார்த்துத் திட்டினாள். பிறகு, "இன்னா போட்டோக்காரரே, எங்க மூஞ்சியத் தவிர ஒனக்கு வேற பொழப்பு இல்லியா" என்று கேட்டுவிட்டு டீ வாங்கிக் கொடுத்தாள். பெஞ்சமின் அவளை அக்கா என்றார். எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டு அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுப்பார். குப்பத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் மாலை போட்ட படம் பெஞ்சமின் எடுத்ததாகத்தான் இருக்கும்.

முடிவான இரண்டில் முதல் படம் 2018 பிப்ரவரியில் எடுத்தது. காலை ஏழரை மணி. அன்று கோயிலுக்குப் போகாமல் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டிருந்தார். அரசுவின் வலையில் வஞ்சிரம் குவிந்திருந்தது. ஆதியம்மாள் ஒரு மீனைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த யாரோ சொன்ன கெட்ட வார்த்தைக்கு வாய்விட்டுச் சிரித்தாள். பின்னால் கரை நெடுக இருபத்து மூன்று படகுகள், காயப்போட்ட நீல வலைகள், ஏலக் கூட்டம். பெஞ்சமின் ஒரே ஒரு தடவைதான் அழுத்தினார். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

அந்த வருஷமே ஓர் ஓட்டல் கம்பெனி 'கடலோர முகங்கள்' என்று புகைப்படப் போட்டி வைத்தது. பெஞ்சமின் அந்தப் படத்தை அனுப்பினார். முதல் பரிசு. நாவலூரில் குளிரூட்டிய அரங்கத்தில் சால்வை போர்த்தி ஒரு லென்ஸ் கொடுத்தார்கள். நாலு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். அடியில் கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக மேடை ஏறியிருந்த மனுஷன் நாலு பக்கத்தையும் நின்று படிப்பாரா? ஆதியம்மாளிடம் பரிசு விஷயத்தைச் சொல்லவில்லை. ஒரு பிரேம் போட்ட படத்தோடு போய்ச் சொல்லலாம் என்று நினைத்தார். தள்ளிக்கொண்டே போனது.

அடுத்த வருஷம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய விளம்பரப் பலகை முளைத்தது. வரப்போகும் கடற்கரை ஓட்டலுக்கானது. அதில் ஆதியம்மாள் இரண்டு ஆள் உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். மீன் இருந்தது. கடல் இருந்தது. பின்னால் ஒரு படகு கூட இல்லை. வலை இல்லை, ஆள் இல்லை. வெறும் வெள்ளை மணல்.

பெஞ்சமின் பஸ் ஜன்னல் வழியாகத்தான் அதைப் பார்த்தார். அன்று குப்பத்தில் இறங்காமல் நேராக வீட்டுக்குத் திரும்பிப் படிவத்தின் நகலைத் தேடி எடுத்துப் படித்தார். படத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், எதற்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது ஆதியம்மாள் அவருக்காகவே காத்திருந்தவள் போல வாசலில் நின்றாள்.

"போர்டுல கீறது நீ எட்த்த படந்தான?"

"ஆமாக்கா."

"நீயா குட்த்த?"

பெஞ்சமின் அவள் முகத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டேன், படிக்காமல் போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். வந்தது வேறு.

"எனக்குத் தெரியாதுக்கா. எவனோ நெட்ல இருந்து திருடிட்டான்."

"அப்டியா" என்றாள் ஆதியம்மாள். நம்பினாள். "திருட்டுப் பசங்க" என்று அவருக்காகவும் சேர்த்துத் திட்டினாள். அன்றைக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

ஓட்டல்காரர்கள் கேட்ட இடம் அந்தக் கரைதான் என்பது பிறகுதான் குப்பத்துக்குத் தெரிந்தது. 2021இல் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். அந்த இடத்தில் படகு நிறுத்தும் வழக்கமே இல்லை என்பது கம்பெனி தரப்பின் வாதம். அரசு பெஞ்சமினுக்குப் போன் செய்தான்.

"அண்ணாத்த, ஒங்கையில இருபது வருஷத்துப் படம் கீது. எல்லாத்துலயும் படகு கீது. எட்த்துகினு வந்துரு."

பெஞ்சமின் லீவு போட்டார். நாற்பது படங்களைத் தேதியோடு பிரிண்ட் போட்டு ஒரு கோப்பில் அடுக்கி எடுத்துப் போனார். மேலே ஆதியம்மாள் படம், இருபத்து மூன்று படகோடு. அன்று காலை அவருக்குப் பெருமையாகக் கூட இருந்தது. எடுத்ததெல்லாம் ஒரு காரியத்துக்கு ஆகப்போகிறது என்று நினைத்தார்.

அவர் முறை வந்து, படத்தை உயர்த்திக் காட்டியபோது, கம்பெனி ஆள் திரையில் விளம்பரப் படத்தைப் போட்டான். ஒரே சிரிப்பு, ஒரே மீன். ஒன்றில் படகுகள், ஒன்றில் வெறும் மணல்.

"இதுல எது ஒரிஜினல்?" என்றார் கூட்டத்தை நடத்திய அதிகாரி.

"என்னுதுதான் சார். பைல் இருக்கு, தேதி இருக்கு."

"இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல எதை வேணா சேர்க்கலாம், எடுக்கலாம். நான் எப்படி முடிவு பண்றது? எழுத்துப்பூர்வமா குடுங்க."

கம்பெனி ஆள் எழுந்தான். குரலை உயர்த்தவே இல்லை. "சார், இந்தப் படத்தை எங்களுக்குக் குடுத்ததே இவர்தான். பரிசு வாங்கினாரு. மாத்திக்கலாம்னு கையெழுத்துப் போட்டிருக்காரு" என்றான். திரையில் அடுத்து வந்தது படிவத்தின் நாலாம் பக்கம். கீழே, பள்ளிப் பிள்ளை எழுதியது போல ஒவ்வோர் எழுத்தாக, தா. பெஞ்சமின்.

பெஞ்சமின் திரும்பிப் பார்த்தார். நாலாவது வரிசையில் ஆதியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் இருந்த அரசு அவள் காதில் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் எழுந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வெளியே போனாள்.

நாற்பது படங்களையும் அவர் அந்த அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். கிடைத்தது என்று அட்டை வந்தது. அதோடு சரி. அடுத்த வருஷம் கரையில் ஓட்டலின் சுற்றுச்சுவர் எழும்பியது. படகுகளை இரண்டு கிலோமீட்டர் தள்ளி வேறொரு குப்பத்துக் கரையில் ஏற்ற வேண்டி வந்தது. அந்த ஊர்க்காரர்கள் எத்தனை நாளைக்குப் பொறுப்பார்கள்? தினமும் தகராறு. அரசு படகில் இருந்த தன் பங்கை விற்றுவிட்டு, நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் காவலாளியாகப் போனான்.

இப்போது, கண்காட்சிக்குப் படம் கேட்ட அந்த வாரம், பெஞ்சமின் நாலு வருஷம் கழித்து அந்தக் குப்பத்துக்குப் போனார். படகோடு இருக்கும் படத்தை மாட்ட வேண்டும். கீழே இரண்டு வரியில் உண்மையை எழுத வேண்டும். அதற்கு அவளைக் கேட்டுவிட வேண்டும்.

ஆதியம்மாள் வாசலில் உட்கார்ந்து நெத்திலிக் கருவாட்டில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவர் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

"இப்ப கேக்குறியா" என்றாள்.

"தப்புதாங்க்கா. படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அத வுடு. நானும் எத்தினி தாள்ல கைநாட்டு வெச்சிகீறேன், படிச்சா வெச்சேன்? எவனோ திருடிட்டான்னு எங்கிட்ட சொன்ன பாரு. நான் ஊரெல்லாம் ஒனக்காகப் பேசினேன். கூட்டத்துல எல்லார் எதிர்லயும் என் மூஞ்சி போச்சு."

அவள் கருவாட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அரசு நிக்கிற கேட்டாண்ட ஒரு கார்காரன் கேட்டானாம், அந்த போர்டுல கீறது ஒங்கம்மாவான்னு. எவனோ சொல்லிகீறான். இவன் இல்லன்னுட்டானாம். வூட்டுக்கு வந்து எங்கிட்டயே சொல்றான், இல்லன்னு சொல்ட்டேம்மான்னு. நான் இன்னா சொல்ல?"

"இந்தப் படத்துல படகெல்லாம் இருக்குக்கா. பாக்குறவங்களுக்குத் தெரியட்டுமே."

"தெரிஞ்சு? செவுர இடிப்பாங்களா?" முதல் தடவையாக நிமிர்ந்தாள். "வாணாம். மாட்டாத. ஆறரைக்கு பஸ்சு கீது, கெளம்பு."

வீட்டுக்கு வந்து அவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் மனைவி ஜாக்குலினிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஜாக்குலின் மறைமலைநகரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் வேலை செய்து, இடுப்பு வலியால் நின்றவள். ரசத்துக்குப் புளி கரைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப இன்னா மாட்டப்போற?"

"உன் படம் இருக்குல்ல. அத பெருசா போட்டுரலாம்."

அதுதான் அந்த இரண்டாவது படம். 2009. மாலை ரயில். கம்பெனிச் சட்டையோடு, மடியில் சாப்பாட்டுப் பையோடு, ஜன்னலில் தலை சாய்ந்து ஜாக்குலின் தூங்குகிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கொளவாய் ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்பிய வெயில் அவள் கன்னத்தில் அசைகிறது. வீட்டுச் சுவரில் அதை மாட்டி, தான் எடுத்ததிலேயே அழகானது அதுதான் என்று பெஞ்சமின் பதினைந்து வருஷமாகச் சொல்லிவந்தார். பார்த்தவர்களும் ஆமாம் என்றார்கள்.

ஜாக்குலின் கையைக் கழுவினாள்.

"அந்தம்மாவக் கேக்க கடற்கரைக்கு பஸ் ஏறிப் போன. என்ன ஒரு நாளு கேட்டியா?"

"இன்னாம்மா, நீ என் பொண்டாட்டி."

"அன்னிக்கு எனக்கு ஜுரம். அஞ்சு நிமிஷம் லேட்டுன்னு சூப்பர்வைசர் மத்தியானம் வரைக்கும் நிக்க வெச்சான். ஒரு வாய் சாப்புடல, பை தொறக்காம அப்டியே மடியில கீது பாரு. ரயில்ல ஒக்காந்து அழுதுட்டு தூங்கிட்டேன். நீ கூடுவாஞ்சேரிலருந்தே அந்த ரயில்லதான வந்துகினு இருந்த? என்னத் தேடி எதிர் சீட்டுல ஒக்காந்த. நெத்தியில கைய வெச்சிருந்தா சுட்டிருக்கும். நீ கேமராவ எட்த்த. அந்த சத்தத்துலதான் நான் முழிச்சேன்."

பெஞ்சமினுக்கு வெயில்தான் ஞாபகம் இருந்தது. அவள் கண்ணைப் பற்றி எதுவும் ஞாபகம் இல்லை.

"நீ ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அத சுவத்துல மாட்டாம இருந்திருப்பியா?"

அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அன்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் அவர் ஹேமந்திடம் ஐந்து படங்களைக் கொடுத்தார். பனிக்காலத்துக் கொளவாய் ஏரி ஒன்று. வேடந்தாங்கல் போகும் வழியில் கம்பியில் உட்கார்ந்த கரிச்சான் குருவி ஒன்று. பாலாற்று மணல், மழை மேகம், ஒரு கொக்கு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுவது சுலபமாக இருந்தது. எந்த ஊர், எந்த மாதம், எந்த லென்ஸ்.

பிரிவு உபசார நாளன்று செமினார் ஹாலில் நல்ல கூட்டம். பிரின்சிபால் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று தலையை ஆட்டினார். "ரொம்ப அமைதியா இருக்கு பெஞ்சமின். மனுஷங்க இல்லாமலே எவ்வளவு பேசுது பாருங்க" என்றார். பெஞ்சமின் நன்றி சொன்னார். கடைசி வரிசையில் ஜாக்குலின் நல்ல புடவை கட்டி, கொடுத்த ஜூஸைக் கையில் வைத்துக்கொண்டு, மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஹேமந்த் ஓடிவந்து, "சார், மேடமோட சேர்ந்து நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துர்றேன்" என்றான்.

"வேணாம் சார்" என்றார் பெஞ்சமின். "அவங்ககிட்ட கேக்கணும்."

ஹேமந்த் சிரித்தான். அவர் கேட்கப் போகவில்லை. ஜாக்குலினும் எழுந்து வரவில்லை.