எலி மருந்து என்றார்கள், நானும் ஆமென் என்றேன்

1. கிளினிக் நாள்

காலை எட்டரை இருக்கும். ஆஸ்பத்திரியில் என் மருந்துக் கவுண்டருக்கு முன்னால் வரிசை முற்றம் வரை போயிருந்தது. ஒரு ஓட்டோ ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டு வெளிநோயாளர் வாசலுக்கு நேரே வந்து நின்றது. ஓட்டி வந்தவன் அன்ரன், எங்கள் சபைக்காரன். பின் சீற்றில் அவன் மனைவி மலர். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை சொன்னபடி கேட்காமல் தொங்கிக்கொண்டிருந்தது.

குளிசை எண்ணிக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

மலருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பாலர் பாடசாலை ரீச்சர். சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சல் இதய வால்வைப் பழுதாக்கியதால், கொழும்பில் ஒப்பரேஷன் செய்து உலோக வால்வு வைத்தவ. அப்படி வைத்தவர்கள் ஆயுள் முழுக்க வோபரின் என்ற குளிசை போட வேண்டும். வால்வில் இரத்தம் உறையாமல் காப்பது அதுதான். ஒன்பது வருடமாக அந்தக் குளிசையை அவவுக்கு நான்தான் என் கையால் கொடுத்து வந்தேன்.

நேற்றுக் குளிசை போட்டவவோ என்று அன்ரனிடம் கேட்டேன்.

"இல்லை அண்ணை. மூண்டு கிழமையா போடேல்லை."

"ஆர் விடச் சொன்னது?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அண்டைக்குச் செபக்கூட்டத்திலை மாஸ்டர் அந்தக் குளிசைக்கு எதிரா செபிச்சவர். நீங்கள் எனக்குப் பக்கத்திலைதான் இருந்தனீங்கள். ஆமென் எண்டு சொன்னனீங்கள். மருந்து குடுக்கிற அண்ணையே சொல்லிப்போட்டார், பிறகென்ன எண்டுதான் மலர் விட்டவ."

மலரை அம்புலன்ஸில் ஏற்றி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான் கவுண்டருக்குத் திரும்பி வந்து மிச்ச வரிசைக்கு மருந்து கொடுத்தேன். எல்லாவற்றையும் இரண்டு தரம் எண்ண வேண்டியிருந்தது. ஏன் சுணக்கம் என்று ஒரு ஐயா முறுமுறுத்தார்.

2. செபக்கூட்டம்

நடந்தது இதுதான். எங்கள் சபையில் புதன்கிழமை தோறும் யாராவது ஒரு வீட்டில் செபக்கூட்டம் நடக்கும். பாட்டு, வேதவாசிப்பு, செபம், கடைசியில் தேத்தண்ணியும், கறி வைத்துப் பொரித்த பற்றிஸும். நடத்துகிறவர் தேவதாசன் மாஸ்டர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எனக்கும் படிப்பித்தவர், என் வயதுக்காரர் பாதிப்பேருக்கும் படிப்பித்தவர். வழி எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் முட்டை போடுகிறவர். சாவீடு என்றாலும் சண்டை என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்கிற மனிதர். இதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் கெட்டவன் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் குழு இருபத்தொரு நாள் உபவாசம் எடுக்கும். முழுப் பட்டினி இல்லை. ஆளாளுக்கு ஒன்றை விடுவது. ஒருவர் இறைச்சியை விடுவார், இன்னொருவர் ரீவி பார்ப்பதை விடுவார். நான் அந்த வருடம் தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டேன். எதை விடுகிறோம் என்று வெளியே சொல்லக்கூடாது என்பது வழக்கம். அது ஆண்டவருக்கும் நமக்கும் இடையில் உள்ள காரியம்.

உபவாசம் தொடங்கிய புதன்கிழமை மாஸ்டர் தன் போனில் ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பி, அது பத்துக் கை மாறி வந்தது. பேசியவர் தன்னை டொக்டர் என்றார். என்ன டொக்டர், எந்த ஆஸ்பத்திரி, பெயர் என்ன, ஒன்றும் இல்லை. தொடக்கத்தில் ஒரு வேத வசனம் சொன்னார். அது போதும் எங்கள் ஆட்களுக்கு.

உலகத்தின் பெரிய மருந்துக் கம்பனிகள் எல்லாம் ஒரு இரகசியக் கூட்டத்தின் கையில் இருக்கிறதாம். விசுவாசிகளை மெல்ல மெல்ல அழிப்பதுதான் திட்டமாம். அதற்கு ஆதாரம், இரத்தத்தை ஐதாக்கும் குளிசை எலி மருந்தில் செய்யப்படுவதாம். உயிர் இரத்தத்தில் இருக்கிறது என்று வேதம் சொல்லும்போது அந்த இரத்தத்தையே தண்ணியாக்குவது யாருடைய வேலை என்று அந்தக் குரல் கேட்டது. எங்கள் பாட்டுகளில் பாதி இரத்தத்தைப் பற்றியது. அறையில் இருந்த எல்லாருக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

இப்போது தொழில்காரனாகச் சொல்கிறேன், கேளுங்கள். வோபரின் எலி மருந்தாகவும் பயன்பட்டது உண்மை. எலிக்கு வைப்பது அது இரத்தம் கசிந்து சாகிற அளவு. மலருக்குக் கொடுப்பது மாதா மாதம் இரத்தம் எடுத்துச் சோதித்து, கூடினால் குறைத்து, குறைந்தால் கூட்டி, மில்லிகிராம் கணக்கில் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற அளவு. கறிக்குப் போடுகிற உப்பையும் கோப்பை கோப்பையாக விழுங்கினால் ஆள் தப்பாது. இதைச் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் போதும். ஒவ்வொரு கிளினிக்கிலும் யாருக்காவது சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அன்று சொல்லவில்லை. பதிவு முடிந்த கையோடு மாஸ்டர் கண்ணை மூடிச் செபிக்கத் தொடங்கிவிட்டார். செபிக்கிறவரை இடையில் மறிப்பது எங்கள் சபையில் யாரும் கனவிலும் செய்யாத காரியம். அவர் அந்தக் குளிசையின் கட்டுகள் அறுக்கப்பட வேண்டும் என்று செபித்தார். ஒவ்வொரு வசனத்துக்கும் எல்லாரும் ஆமென் சொன்னார்கள். என் வாயும் சொன்னது. பழக்கம். முடிந்ததும் விளக்கிச் சொல்லலாம் என்று நினைத்தேன். தேத்தண்ணி வந்தது. படிப்பித்த மாஸ்டரை நாலு பேருக்கு முன்னால் எப்படித் திருத்துவது என்று பார்த்தேன். பற்றிஸைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

எனக்கு எதிரே, பாய் நுனியில், மலர் இருந்தா. அவ எதை விடத் தீர்மானித்தா என்று நான் கேட்கவில்லை. கேட்பது வழக்கமும் இல்லை.

3. விசுவாசம் காணாது

மலர் தப்பிவிட்டா. மூளைக்குப் போகிற குழாயில் இரத்தக்கட்டி அடைத்திருந்தது என்று ஸ்கானில் தெரிந்தது. வாட்டில் மூன்று கிழமை. வலது கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் திரும்பவும் ஒன்றையொன்று தொட மாதக்கணக்கு எடுத்தது. பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து அள்ளுவது போலத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வாய். பாலர் பாடசாலை வேலை போய்விட்டது.

வாட்டுக்கு மாஸ்டர் வந்தபோது நானும் நின்றேன். செபித்தார், அழுதார். பிறகு வெளியே வராந்தாவில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளைக்கு விசுவாசம் காணாமல் போச்சு. அரைகுறை விசுவாசத்தோடை விட்டிருக்கிறா."

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. உயிரோடு விளையாடியது அந்தக் குரல். பரப்பியது இவர். தலையாட்டியது நான். கட்டிலில் கிடப்பது அவ. குற்றமும் அவவுக்கா? நல்லா இருக்கிறது நியாயம். அதைக்கூட அந்த வராந்தாவில் நான் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படியால் இறங்கினேன்.

வீட்டில் மனம் ஆறவில்லை. யுத்தக் காலத்தில் இந்தக் குடாநாட்டுக்கு மருந்து வராமல் இருந்த நாட்கள் எனக்குத் தெரியும். ஒரு குளிசையை இரண்டாக உடைத்து, அரையை இன்றைக்கு, அரையை நாளைக்கு என்று கொடுத்திருக்கிறேன். கவுண்டருக்கு முன்னால் வெறும் கையோடு திரும்பிப் போனவர்களின் முதுகைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் அடுத்த கிளினிக்குக்கு வரவேயில்லை. இன்று அதே மருந்து காசில்லாமல் கையில் கிடைக்கிறது. அதைப் பிசாசு என்று சொல்லி எறியச் சொல்ல, பெயர் இல்லாத ஒருவனுக்கு என்ன துணிவு?

இரகசியக் கூட்டமாம். இங்கே அந்தக் கூட்டத்தில் இருப்பது யார்? மலருக்கு இரத்தம் எடுக்கிற நேர்ஸ் மிஸ்ஸி எங்கள் பாடகர் குழுவில் பாடுகிறவ. ஆய்வுகூடத்துத் தம்பி அளவெட்டிக்காரன், ஊர்க் கோயில் தேருக்குப் போக, டொக்டரிடம் சொல்லி லீவு எடுத்துத் தரச் சொல்லி என்னிடம் கெஞ்சுகிறவன். மருந்து கொடுப்பது நான். சதி என்றால் நாங்கள் எல்லாரும் சேர்ந்துதானே அதைச் செய்ய வேண்டும்? சபையாரே, உங்களுக்கு எங்கள் முகத்தைத் தெரியும், குணத்தைத் தெரியும், கல்யாண வீட்டில் ஒன்றாக இருந்து சாப்பிட்டிருக்கிறீர்கள். எங்களை நம்பாமல், முகமே தெரியாத ஒரு குரலை நம்பினீர்கள்.

கம்பனிகள் புண்ணியவான்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விலையை ஏற்றுவார்கள், தரமில்லாத மருந்தும் வந்திருக்கிறது, பொதியைத் திருப்பி அனுப்பி நானே கடிதம் எழுதியிருக்கிறேன். டொக்டரிடம் கேள்வி கேளுங்கள், என்னிடம் கேளுங்கள், நல்லாகக் கேளுங்கள். கேள்வி கேட்பது வேறு. ஆதாரம் இல்லாத பழியை ஒருவன் மேல் போட்டு அதை நூறு பேருக்கு அனுப்புவது வேறு. அதற்குப் பெயர் பொய்ச்சாட்சி. சிறுவயதில் மனப்பாடம் செய்த கட்டளைதான். விரலால் தட்டி அனுப்பினால் பாவம் இல்லை என்று எந்தப் போதகர் சொன்னார்?

மற்றவர்களை விடக் கிறிஸ்தவர்கள்தான் இதில் கூடக் கவனமாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காணாததை நம்பப் பழகியவர்கள் நாங்கள். ஆண்டவர் சுகம் தந்தார் என்று யாராவது எழுந்து சாட்சி சொன்னால் கைதட்டப் பழகியவர்கள். ஒருவன் வசனத்தோடு வந்தால் கதவைத் திறந்து விடுகிறோம். அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று பொய்க்காரனுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பாட்டன் பூட்டனுக்கு வேதத்தையும் மருந்தையும் ஒன்றாகக் கொண்டுவந்தவர்கள் மிஷன் வைத்தியர்கள். அந்தப் பரம்பரையில் வந்த நாங்கள் இன்றைக்கு ஆஸ்பத்திரியைச் சந்தேகிக்கிறோம். வெட்கக்கேடு.

4. ஸ்தோத்திரக் கூட்டம்

ஆள் சுகமாகி வந்தால் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பது வழக்கம். அன்ரனும் வைத்தான். மலர் வீடு வந்து ஒரு மாதத்தில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், முப்பது பேர் அளவில். மாஸ்டர் எழுந்து, எங்கள் செபத்தின் வல்லமையால் மரணப் படுக்கையிலிருந்து எழுந்த சகோதரி என்று சாட்சியைத் தொடங்கினார்.

அதற்குமேல் என்னால் இருக்க முடியவில்லை. எழுந்தேன். மாஸ்டர், குறை நினையாதையுங்கோ என்று சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்த்துப் பேசினேன். அந்தக் குரல் பதிவு சொன்னது பொய் என்று எனக்கு அன்றே தெரியும் என்றேன். தெரிந்தும் ஆமென் சொன்னேன், அதனால்தான் மலர் குளிசையை விட்டா, அவவின் கை இப்படி ஆனதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்றேன். அன்று நான் விழுங்கிய இரண்டு நிமிட எலி மருந்து விளக்கத்தையும் அங்கேயே சொல்லி முடித்தேன். முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் நான் அப்படி நாலு பேருக்கு முன்னால் பேசியதில்லை.

மாஸ்டரின் முகம் சிவந்தது. "தம்பி, மருந்தையே தெய்வமா வைச்சிருக்கிற ஆக்களுக்கு விசுவாசம் விளங்காது" என்றார். இரண்டொருவர் தலையாட்டினார்கள்.

அப்போது மலர் இடது கையை உயர்த்தினா. கதைக்கப் போகிறா என்று தெரிந்ததும் அறை அடங்கியது. அவ கதைத்து முடிக்கும்வரை பொறுத்திருக்க எல்லாரும் பழகியிருந்தோம்.

"மாஸ்டர்... உங்கடை பிறஷர் குளிசையை... நீங்கள் நிப்பாட்டினனீங்களோ?"

பதில் எனக்குத் தெரியும். மாதா மாதம் அவர் குளிசை வாங்கியதும் என் கவுண்டரில்தான். ஆனால் ஒரு நோயாளியின் மருந்து விவரம் மருந்தாளர் வாயால் வெளியே போகக்கூடாது. தொழிலின் முதல் சட்டம் அது. என் மேல் எரிந்து விழுந்தாலும் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன். அவர் தானாகச் சபை நடுவில் சொன்னதால்தான் இங்கே எழுதுகிறேன். மலரைப் பற்றி எழுத அவவே சம்மதம் தந்தவ, பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

பொய் சொல்கிற மனிதர் இல்லை மாஸ்டர்.

"இல்லைப் பிள்ளை. ஒரு நாளும் நிப்பாட்டேல்லை. பயமா இருந்தது."

மலர் தலையசைத்தா. பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னா.

"எனக்கும் பயமா இருந்தது. கூட்டம் முடிய... உங்களிட்டை வந்து சொன்னனான். பயம் அவிசுவாசம் எண்டு... நீங்கள்தான் சொன்னனீங்கள்."

அது எனக்குத் தெரியாது. அன்ரனுக்கும் தெரியாது என்று அவன் முகத்தில் கண்டேன். மாஸ்டர் கதிரையில் இருந்துவிட்டார். அன்று சாட்சி யாரும் சொல்லவில்லை.

இளம் மருந்தாளர்களுக்கும் என் சபைப் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இதுதான். மருந்தை விடு என்று யார் சொன்னாலும், எந்த வசனத்தைச் சொல்லிச் சொன்னாலும், மலர் கேட்டதைக் கேளுங்கள். நீ உன்னுடையதை விட்டாயா? அவ அதைக் கேட்கும்போது வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. நீங்கள் கை அப்படி ஆக முதலே கேட்டுவிடுங்கள்.