தரையில் இருந்த பெட்டி

தசை தேயும் நோயில் இருந்த பையன் ஒருவனைச் சில வருடங்கள் பார்த்துக்கொண்டேன். பராமரிப்புப் பயிற்சி முடித்த எனக்கு அதுதான் நீண்ட வேலை. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அவன் அம்மாவைப் பற்றி.

அவள் பல்கலைக்கழக ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவச் சேர்ந்தவள். கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம். வம்பு பேச மாட்டாள். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக உயிருள்ள செல்களை வளர்க்கும் அறைக்கு வந்து சேர்ந்தாள். புருஷன் லாரி ஓட்டினான். வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டே வந்து ஒரேயடியாக நிறுத்திவிட்டான். அவள் தேடவில்லை. தேட நேரமில்லை.

பையனை நாங்கள் மேனேஜர் என்போம். சக்கர நாற்காலியில் இருந்தபடியே எல்லாரையும் ஏவுவான்.

"பெரியம்மா, கால் கொஞ்சம் வலது பக்கம். மேனேஜர் கால், மரியாதையா நகர்த்துங்க."

"மொதல்ல சம்பளத்தைக் கூட்டுங்க சார்" என்பேன்.

அவளுடைய பேராசிரியை ஒருநாள் வீட்டுக்கு வந்தார். சுற்றி வளைக்காமல் பேசினார். "விண்வெளியில எடை இல்லாததால தசை சீக்கிரம் தேயும் தம்பி. இங்க வருஷக்கணக்கா நடக்கிறது அங்க சில வாரத்துல நடக்கும். உன் தொடையிலேர்ந்து துளி தசை எடுத்து, வளர்த்து, ஒரு மருந்தோட மேல அனுப்பலாம். மருந்து வேலை செய்யுதான்னு தெரிஞ்சுடும். முன்னெல்லாம் எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இது கனவு. இப்ப பஸ் மாதிரி ஆயிடுச்சு. செருப்புப் பெட்டி அளவு எடம், எங்களுக்குக் கட்டுப்படியாகுற விலை."

"அந்த மருந்து எனக்கு உதவுமா?"

"உதவாதுப்பா. உனக்கு அப்புறம் வர்றவங்களுக்கு."

அவன் சொன்னான்: "பஸ் படியிலயே ஏற முடியாதவனை ராக்கெட்ல ஏத்துறேங்கறீங்க. ஜன்னல் சீட்டுன்னா வரேன்."

ஊசியால் தசையைக் குத்தி எடுத்தார்கள். அதை வளர்த்துச் சின்னக் குப்பிகளில் உறையவைத்தார்கள். ஒரு குப்பியை எடுத்து உயிர்ப்பித்துவிட்டால் அந்தச் செல்களுக்கு ஞாயிறு, திங்கள் கிடையாது. பழைய ஊட்டநீரை எடுத்துப் புதியதை ஊற்றியே ஆக வேண்டும். அதை வீட்டில் 'சாப்பாடு' என்போம். "அங்க இருக்கிற எனக்கு வேளைக்குச் சாப்பாடு, இங்க இருக்கிற எனக்கு வெறும் மாத்திரை. என்ன நியாயம்மா இது?" என்று அவளை வம்புக்கிழுப்பான்.

முதல் குப்பி வளர்ந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, "போய் சாப்பாடு போட்டுட்டு ஓடி வந்துடுறேன்டா" என்று கிளம்பினாள். அவள் திரும்பி வருவதற்குள் அவன் மூச்சு நின்றுவிட்டது. கதவைத் திறந்து உள்ளே வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவன் கைகளை நேராக வைத்துக்கொண்டிருந்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை. கேட்காதவர்களிடம் நான் சொல்வதில்லை.

பதினாறாம் நாள் காரியம், அழுகை என்று உறவுக்காரர்கள் எதிர்பார்த்தபோது அவள் ஆய்வகத்தில் இருந்தாள். ஏசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பஸ் என்று சொன்னாலும் அது நமக்காக நிற்கிற பஸ் இல்லை. யாரோ ஒருவருடைய பெரிய செயற்கைக்கோளோடு தொற்றிக்கொண்டு போகிற பெட்டி இவர்களுடையது. அந்தப் பெரிய சாமானில் ஒரு திருகு சரியில்லை என்றாலும் எல்லாரும் காத்திருக்க வேண்டும். "அவங்க காசு குடுத்து உக்காந்திருக்காங்க. நாம படியில தொங்குறோம்" என்றாள். பெட்டிக்குள் வைத்த செல்கள் காத்திருந்தே செத்தன. இன்னொரு குப்பியை உயிர்ப்பித்தார்கள். மறுபடி தள்ளிப்போனது. இப்படியே போய்க் கடைசிக் குப்பியில் வந்து நின்றது.

"வேற ஒருத்தரோட செல் இருக்கும்மா. இதை நீங்களே வச்சுக்கலாம்" என்றார் பேராசிரியை.

"ஐஸ்ல வச்சு என்ன செய்ய? வரேன்னு சொன்னவன் மேடம் அவன்."

அந்தக் குப்பியில் வளர்ந்ததில் பாதி மேலே போகிற பெட்டிக்கு. மீதிப் பாதி, சின்னச் சின்னத் தட்டுகளில், தரையிலேயே இருக்கும் இன்னொரு பெட்டிக்கு. இரண்டுக்கும் ஒரே ஊட்டநீர், ஒரே மருந்து, ஒரே சூடு. ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒரு ஜோடி வேண்டுமாம். மேலே இருப்பது முடியும்போது, கீழே இருப்பதையும் பார்மலின் ஊற்றிச் சாகடித்து, இருந்த நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும்.

அந்த முறை ராக்கெட் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. பெட்டிக்குள் இருந்த கேமரா படங்கள் அனுப்பியது. செல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நார்களாகியிருந்தன. ஒருநாள் என்னை அழைத்துக்கொண்டு போய்த் திரையைக் காட்டினாள். ஒரு நார் லேசாகச் சுருங்கி விரிந்தது.

"அக்கா, துடிக்குது."

கடைசிக் காலத்தில் அவனால் விரலைத் தூக்க முடியவில்லை. மூக்கு அரித்தால் நான்தான் சொறிந்துவிடுவேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். துடித்துக்கொண்டுதான் இருந்தது.

சில வாரத்தில் மேலே பேட்டரி தளர்ந்தது. இனி அந்தப் பெட்டி சுற்றிச் சுற்றி இறங்கி எரிந்துபோகும். மறுநாள் கீழே இருப்பதை நிறுத்த வேண்டும். அன்று மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள்.

"ஒரே ஒரு தட்டை ஒதுக்கி வச்சா யாருக்கும் தெரியப்போறதில்லக்கா."

"எவ்வளவு நாள் இருக்கும்?"

"நாரானது இனிமே பெருகாது. உறையவைக்கவும் முடியாது. சாப்பாடு போட்டுட்டே இருந்தா கொஞ்ச நாள்."

"அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, நீ வீட்டுல இருக்கறப்ப போயிடும்" என்றேன்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் போன் வந்தது. "வரீங்களாக்கா?" அவ்வளவுதான்.

போனேன். மாணவி ஒருத்தி கையுறை போட்டுத் தயாராக நின்றாள். பேராசிரியை, "அவ செய்யட்டுமேம்மா, நீங்க வெளிய உக்காருங்க" என்றார்.

"இந்தத் தடவை நான் இருக்கேன் மேடம்."

தட்டுகளை வரிசையாக எடுத்து வைத்தாள். ஒன்றும் ஒதுக்கவில்லை. ஒவ்வொன்றிலும் பழைய நீரை உறிஞ்சி எடுத்து, பார்மலினை ஓரமாக, மெதுவாக விட்டாள். குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல என்று எழுதினால் அழகாக இருக்கும், அப்படி இல்லை. வேலை தெரிந்தவள் வேலை செய்வதுபோல இருந்தது. கடைசித் தட்டில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி, மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள். பிறகு ஊற்றினாள். மறுபடி குனிந்து, நிமிராமல் நெடுநேரம் பார்த்தாள்.

கையுறையைக் கழற்றிக் கை கழுவினாள். ஈரக் கையோடு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அன்னிக்கு அவன் எதாவது சொன்னானா?"

"கேட்டான்."

"என்ன கேட்டான்?"

"'அம்மா சாப்பாடு போட்டிருப்பாங்களா பெரியம்மா?'ன்னான். போட்டிருப்பாங்கன்னேன். சரின்னு கண்ணை மூடிக்கிட்டான்."

அவள் குழாயைத் திறந்து மறுபடி கை கழுவத் தொடங்கினாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் போய் மூடினேன்.