அண்ணி செய்த காடு

நாத்தனார் அண்ணியைப் புகழ்ந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். என் அண்ணி வேதாவைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. அந்தப் பிடிவாதம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

மாரெட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்தாள். ஒரு தசரா லீவில் எல்லோரும் வால்பாறை போனோம். மழை விட்ட காட்டுக்குள் நடந்தால், காலெல்லாம் அட்டை. நானும் அண்ணன் சந்தானமும் அலறிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினோம். அண்ணி மட்டும் கண்ணை மூடி மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றாள். கணுக்காலில் ரத்தம் வழிகிறது.

"வாங்க அண்ணி!" என்று கத்தினேன்.

"நக்கோ, வேணாம் ஷர்மிளா, சும்மா இரு. வாசனை போயிடும்."

திரும்பி வந்ததும், அந்தக் காட்டை ஒரு சென்ட் பாட்டிலில் கொண்டுவரப் போவதாகச் சொன்னாள். ரசாயன வாசனை ஒரு சொட்டும் கிடையாது, செடியும் வேரும் இலையும் மட்டும்தான் என்றாள். அதற்காக வேலையையும் விட்டாள். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் காலையில் தாளிப்பு கிடையாது. அண்ணியின் மூக்கு வேலையை முடிக்கும் வரை காபி டிகாக்‌ஷன்கூட இறங்காது. வெட்டிவேர், கோரைக்கிழங்கு, ஏலக்காய், பச்சிலை என்று ஒவ்வொன்றும் ஸ்பிரிட்டில் ஊறும். கலவையில் மெல்லிய தாளை நனைத்து முகர்ந்து பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், கொட்டுவாள். வெயில் படாத இடம் பூஜை அறைதான் என்பதால் நனைக்காத தாள்களை அங்கே ஒரு டிராயரில் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மட்டும் எதையும் முகர மாட்டாள். அன்று வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை போடும் வழக்கம், மூக்கு ஏமாற்றிவிடுமாம். அவ்வளவு கவனம்!

ஒருநாள் தாளை முகர்ந்தவள் அப்படியே கண்கலங்கிவிட்டாள். நானும் முகர்ந்தேன். ஜீப்புக்கு ஓடிய அதே காடு. 'சோலைக்காடு' என்று பெயர் ஒட்டி, கச்சிபௌலியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த சந்தைக்குக் கொண்டுபோனோம். எங்கள் மாடியில் குடியிருக்கும் ஃபெலிக்ஸ் காரில் கூட்டிப்போனான். அவன் வால்பாறை எஸ்டேட்டில் வளர்ந்தவன், இப்போது ஐடி கம்பெனியில் வேலை. முதல் சொட்டு அவன் மணிக்கட்டில்தான் என்று அண்ணி முன்பே சொல்லியிருந்தாள். அவன் சொல்லும் ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் வேலையை விட்டதே என்றுகூட எனக்குத் தோன்றும்.

அவன் முகர்ந்தான். தயங்கினான்.

"இலை இருக்குக்கா. மண்ணு இருக்கு, மழைகூட இருக்கு. ஆனா மரத்தைக் காணோமே."

அண்ணி தன் கையில் தடவி முகர்ந்தாள். பையிலிருந்த தாளை அதே பாட்டிலில் நனைத்து முகர்ந்தாள். தாளில் மரம் இருந்தது, கையில் இல்லை. அதற்குள் இரண்டு பெண்கள் வந்து, ரொம்ப நன்றாக இருக்கிறது, கொடுங்கள் என்கிறார்கள். அண்ணி பாட்டில்களைப் பெட்டிக்குள் எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் என்று எங்கள் ஊர் உருதுவிலேயே கத்தினேன். "கைக்கு அண்ணி? அவங்களுக்குத்தான் பிடிச்சிருக்கே!"

"காடுன்னு பேர் ஒட்டிட்டு மரம் இல்லாம எப்படிடீ கொடுக்கிறது?"

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பூஜை அறைக்குப் போய் டிராயரைத் திறந்து, ஒரு தாளை எடுத்து என் மூக்கிடம் நீட்டினாள். மரம்!

"எதுல நனைச்சீங்க?"

"எதுலயும் நனைக்கல. வெறும் தாள்."

வெள்ளிக்கிழமைதோறும் புகை அந்த டிராயருக்குள்ளும் புகுந்திருக்கிறது. மூக்குக்கு லீவு கொடுத்தவள் தாளுக்குக் கொடுக்க மறந்துவிட்டாள். அண்ணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. எங்கள் பின்னாலேயே வந்த ஃபெலிக்ஸ் மட்டும் தூபக்கால் பக்கத்திலிருந்த டப்பாவைத் திறந்து, சாம்பிராணியோடு கிடந்த ஒரு கறுப்புக் கட்டியை எடுத்து முகர்ந்தான்.

"இது என்னக்கா?"

"கருங்குங்கிலியம். எங்க வீட்ல சாம்பிராணியோட இதையும் போடுவோம்."

"எங்க காட்டு மரத்துல வடியுமே, அந்தப் பிசின்க்கா இது!"

காடு வாரா வாரம் எங்கள் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. வேறு யாராவது என்றால் அன்றே நாலு சொட்டு கலந்து விற்றிருப்பார்கள். அண்ணி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பிசினை ஸ்பிரிட்டில் ஊறவைத்தாள். புதுத் தாள்கள் மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவுக்குப் போயின. மறுபடியும் காபி தாமதம், மறுபடியும் அண்ணன் புலம்பல்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடியில் ஃபெலிக்ஸின் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டாள். இந்தத் தடவை தாளே இல்லை. அவன் கண்ணை மூடி முகர்ந்தான். அண்ணி என் கையை நெரித்துக்கொண்டிருந்தாள்.

சட்டென்று குனிந்து பேன்டைத் தூக்கிக் கணுக்காலைத் தடவிப் பார்த்தான்.

"என்னப்பா தேடுற?" என்றாள் அண்ணி.

அவன் கூச்சத்தோடு சிரித்தான். "அட்டை ஏறியிருக்கான்னு பார்த்தேன்க்கா."