சாம்பிள் இல்லாமல் கேட்காதீர்கள்

பட்டனக்காவின் கடையில் நின்று கையை விரித்தால் இரண்டு சுவரும் முட்டும். அகலம் அவ்வளவுதான். ஆனால் தரையிலிருந்து கூரை வரை அடுக்கிய டப்பாக்களில் உலகத்துச் சட்டைகளுக்கெல்லாம் பட்டன் இருந்தது. ஒவ்வொரு டப்பாவின் முகத்திலும் உள்ளே இருப்பதில் ஒன்றைத் தைத்திருப்பாள். கோட்டுப் பட்டன், குழந்தைச் சட்டைக்கு வாத்துப் பட்டன், எந்தத் துணிக்கும் ஒத்துவராமல் பதினோரு வருஷமாக ஜோடி தேடிக்கொண்டிருக்கும் ஒரு ஊதாப் பட்டன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பலகை: "சாம்பிள் இல்லாமல் கேட்காதீர்கள்."

அந்த விஷயத்தில் அவள் ரொம்பக் கறார். "கறுப்புங்க, நாலு ஓட்டை, இவ்வளவு பெரிசு" என்று விரலை வளைத்துக் காட்டுகிறவர்களை முடிக்கவே விடமாட்டாள். "எந்தக் கறுப்பு? என்கிட்ட முப்பத்தெட்டு கறுப்பு இருக்கு. போய்ச் சட்டையைக் கொண்டா." எதிர்க்கடை கம்ப்யூட்டர்காரனையும் ஒரு மழைநாளில் இப்படித்தான் வீடு வரை துரத்தினாள். காதில் எந்நேரமும் ஸ்க்ரூ முடுக்கும் திருப்புளியைச் செருகிக்கொண்டு திரிவதால் தெருவில் அவனுக்குப் பெயரே திருப்புளி. அன்றைக்கு நனைந்துகொண்டே போனான், நனைந்துகொண்டே வந்தான், மூன்று நாள் தும்மினான். மறக்கவில்லை.

பட்டனக்காவின் வீட்டுக்காரர் டிரைவர். இருபத்தாறு வருஷம் பதினேழாம் நம்பர் பஸ். டிப்போவில் ஆளுக்குப் பெயர் கிடையாது, ஓட்டுகிற நம்பர்தான் பெயர். அவர் 'பதினேழு'. இரண்டு வருஷத்துக்கு முன்பு டிப்போ வாசலில் டீயும் கையுமாக நின்றவர் நினைவு தப்பி விழுந்தார். ஐந்தே நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்து, டீ சிந்திப்போனதற்கு வருத்தப்பட்டார். ஆனால் டாக்டர் ஒரு கையெழுத்துப் போட்டார், ஸ்டியரிங் போயிற்று. ஆபீசில் காகிதம் அடுக்கும் வேலை தருகிறோம் என்றார்கள். "காகிதத்துக்கு ஹாரன் உண்டா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வீட்டில் கல்யாணமாகிப் போன மகள் விட்டுச்சென்ற கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தது. அவருடைய பழைய கண்டக்டர் வந்து அதில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து டிரைவர் தினமும் குளித்து, தலை வாரி, சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்து நாற்காலிக்கு டியூட்டிக்குப் போனார். நடுவழியில் காப்பி கொண்டுபோனால் வாங்கமாட்டார். "ஸ்டாப்பிங் வரட்டும்" என்பார். பட்டனக்கா காப்பித் தம்ளரோடு ஸ்டாப்பிங் வரும்வரை நிற்பாள். திட்டிக்கொண்டேதான் நிற்பாள், ஆனாலும் நிற்பாள்.

டிப்போ ஆட்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, அவரவர் வீட்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வரிசையாகப் பஸ் விடுவார்கள். போன மாதம் மெக்கானிக்கின் மருமகன் பதினேழாம் நம்பர் வழித்தடத்தையே அச்சு அசலாக வரைந்து விளையாட்டுக்குள் வைத்துவிட்டான். முதல் வண்டி நம் டிரைவருடையது. பேக்கரித் திருப்பம் தாண்டி, பாலம் தாண்டி, முதல் ரவுண்டானா வரை ராஜநடை. இரண்டாவது ரவுண்டானாவில் திரை அப்படியே உறைந்தது. நடுவில் ஒரு கட்டம் முளைத்தது: "நினைவகம் போதவில்லை."

பின்னால் பன்னிரண்டு பஸ்ஸும் ஹாரன் அடித்தன. நாற்பத்திரண்டாம் நம்பர்காரர் போட்ட கத்தல் ஹெட்போனைத் தாண்டி அடுப்படி வரை கேட்டது. "பதினேழுக்கு மறுபடியும் நினைவு தப்பிடுச்சுடோய்!"

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது டிரைவர்தான். சிரித்து முடித்து, கம்ப்யூட்டரை அணைத்து, ஒரு பழைய போர்வையால் மூடினார். சீருடைச் சட்டை பீரோவுக்குள் போயிற்று.

"என்னங்க, இன்னிக்கு டியூட்டி இல்லியா?" என்று மறுநாள் பட்டனக்கா கேட்டாள்.

"சின்னப் பசங்க விளையாட்டு. போதும், விடு."

அதன்பிறகு அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்தார். யாராவது தப்பாகத் திரும்பினால்கூட ஒன்றும் சொல்லவில்லை. பட்டனக்கா காப்பியை நீட்டினால் ஸ்டாப்பிங் கேட்காமலே வாங்கிக் குடித்தார்.

மூன்று வாரம் போயிற்று. ஒரு புதன்கிழமை கண்டக்டர் கடைக்குப் போன் செய்தார்.

"அண்ணி, இந்தச் சனிக்கிழமையும் பதினேழாம் ரூட்டுதான். அண்ணன் வரலேன்னா முதல் வண்டியை நாப்பத்திரெண்டு எடுக்கிறாராம்."

"இவரு ரூட்டை அவரா?"

"வேற யாரு எடுப்பா?"

பட்டனக்கா போனை வைத்துவிட்டு நேராக எதிர்க்கடைக்குப் போனாள்.

"தம்பி, நினைவகம் போதலைன்னு வருது. ஒரு நினைவகம் குடு."

"ரேம் கேக்குறீங்களாக்கா?" திருப்புளிக்கு முகமெல்லாம் பல். பல நாள் காத்திருந்த வாய்ப்பு. "சாம்பிள் இருக்கா?"

"விளையாடாதே."

"விளையாட்டில்லக்கா. உள்ள இருக்கிறதைக் கழட்டிக் கொண்டு வாங்க. பார்க்க எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும், ஆனா ஒண்ணோட இடத்துல ஒண்ணு உட்காராது."

கழற்றினால் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் 'வேண்டாம், விடு' என்பார். அதுவும் போக, முப்பது வருஷமாகக் கண்ணால் பார்த்தே ஜோடி சேர்க்கிறவளுக்குச் சாம்பிளா?

வியாழக்கிழமை காலை அவர் நடக்கப் போன நேரத்தில் போர்வையைத் தூக்கி, பக்கத்து மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒயர் காட்டுக்கு நடுவில் பச்சைப் பட்டை ஒன்று நின்றது, பக்கத்தில் ஓர் இடம் காலி. பட்டையில் ஒட்டிய சீட்டு ஒயர்களுக்குப் பின்னால் மறைந்திருந்தது. அதனாலென்ன? தையல் டேப்பை வைத்து அளந்தாள். அட்டையில் எழுதிக்கொண்டாள்: நீளம் ஐந்தேகால் அங்குலம். பச்சை. அடியில் தங்கப் பல். பல்வரிசை நடுவில் ஒரு பள்ளம்.

அட்டையைப் பார்த்துத் திருப்புளி தலையில் கை வைத்தான். "எல்லா டெஸ்க்டாப் ரேமும் அஞ்சேகால்தான்க்கா. ரகம்தான் முக்கியம். உங்களுது டிடிஆர் நாலா, அஞ்சா?"

"எது புதுசு?"

"அஞ்சு."

"அப்ப அஞ்சையே குடு. நாலு போதாமத்தானே நிக்குது?"

அவன் எவ்வளவோ சொன்னான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில், "பொருந்தலேன்னா மாத்தித் தர்றேன். ஆனா ஒண்ணு, கோட்டுப் பட்டனை ராவுற மாதிரி அரத்தைப் போட்டுடாதீங்க" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினான்.

வெள்ளிக்கிழமை காலை அதே நேரம், அதே திருட்டுத்தனம். புதுப் பட்டையைக் காலி இடத்தில் வைத்தாள். உட்காரவில்லை. திருப்பி வைத்தாள். அப்போதும் இல்லை. மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்து பார்த்தால், பள்ளம் இருக்க வேண்டிய இடத்துக்கு ஏறக்குறைய ஒரு நூல் தள்ளி இருந்தது. ஒரே ஒரு நூல். கை தானாகப் பைக்குள் போய் அரத்தைத் தொட்டது. சத்தியமாகத் தொட்டது. திருப்புளியின் முகம் நினைவுக்கு வரவே, சுட்டதுபோல் கையை எடுத்துவிட்டாள்.

ஒரு நூல் பிசகினாலும் வேண்டாம் என்று சட்டை சட்டையாகத் திருப்பி அனுப்பியவள், இன்று தானே அந்த நூலில் மாட்டிக்கொண்டாள்.

வேறு வழியில்லை. சனிக்கிழமை அவர் குளிக்கப் போன இடைவெளியில் பழைய பட்டையைக் கழற்றி, ஒரு பட்டன் டப்பாவுக்குள் பஞ்சு வைத்துப் படுக்கப்போட்டு எடுத்துப்போனாள்.

திருப்புளி ஒன்றும் கேலி செய்யவில்லை. டப்பாவைத் திறந்து பஞ்சைப் பார்த்தவன் பட்டையை இரண்டு விரலால் மெதுவாக எடுத்தான். பிறகு சீட்டைப் படித்தான். "டிடிஆர் நாலு. இந்தாங்க, இதுதான் ஜோடி. இது கொஞ்சம் வேகமானது. ஆனா பழசு பக்கத்துல உட்கார்ந்தா அதோட வேகத்துக்கு இறங்கி வந்துடும்."

"நல்ல குணம்."

"ரெண்டு முனையும் 'டக்'னு கேக்கிற வரைக்கும் அழுத்தணும். போட்டதும் அரை நிமிஷம் திரை கறுப்பா நிக்கும், பயந்து அணைச்சிடாதீங்க."

"எந்தக் கறுப்பு?" என்றாள் பழக்கதோஷத்தில்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். போர்வை நாலாக மடித்து நாற்காலி முதுகில் கிடந்தது. டிரைவர் சீருடைச் சட்டையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஐந்து பட்டனும் போட்டிருந்தார். திரை இருட்டாக இருந்தது.

"செத்துடுச்சு," என்றார் திரும்பாமல். "மூணு தடவை பீப் பீப்னு விக்கிச்சு. அவ்வளவுதான்."

"சாகல. அதோட நினைவு என் கைப்பையில இருக்கு."

டிரைவர் திரும்பிப் பார்த்தார். அவள் டப்பாவைத் திறந்து இரண்டு பட்டைகளையும் மேசையில் வைத்தாள். அவர் பட்டைகளைப் பார்த்தார், பஞ்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஓஹோ. நான் நடக்கப் போனப்ப இதான் வேலையா? நேத்து ஒரு ஸ்க்ரூ கீழ கிடந்துச்சு. எலியோன்னு நினைச்சேன்."

"எலி ஸ்க்ரூ கழட்டுமா?"

"இந்த வீட்டு எலி எதையும் கழட்டும்."

"வேண்டாம், போதும்னு சொன்ன ஆளு எதுக்குச் சட்டை மாட்டியிருக்கீங்களாம்?"

டிரைவர் காலரைச் சரிசெய்தார். "சும்மா... காத்தாட இருக்கட்டும்னு."

மூடியைக் கழற்றினார்கள். பழையதைப் போட்டாயிற்று. புதியதை வைத்ததும் பள்ளம் தன் இடத்தில் பாந்தமாக உட்கார்ந்தது. ஆனால் அழுத்தத்தான் அவளுக்குக் கை வரவில்லை. "ஒடிஞ்சிடுச்சுன்னா?"

"முதல் கியர் போடுற மாதிரி. பயந்தா விழாது." அவர் ஒரு முனையில் கட்டைவிரலை வைத்தார், அவள் மறுமுனையில் வைத்தாள். டக். டக். பிரஸ் பட்டன் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த காது அவளுடையது. "ம், விழுந்துடுச்சு" என்றாள்.

திரை கறுப்பாக நின்றது. அரை நிமிஷம் என்றுதான் அவன் சொன்னான். அந்த அரை நிமிஷத்தில் பட்டனக்கா தன்னிடமிருந்த முப்பத்தெட்டு கறுப்பையும் மனசுக்குள் ஒரு சுற்று எண்ணி முடித்தாள். டிரைவரின் கை அணைக்கும் பொத்தான் பக்கம் போகவும் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினாள். "தொடாதீங்க!"

வெளிச்சம் வந்தது.

ஐந்து மணிக்கு ஹெட்போனில் கண்டக்டர் குரல். "அண்ணே! வந்துட்டீங்களா! எல்லாரும் ஏறியாச்சு, எடுங்க." பதினேழு முதலில் கிளம்பியது. பேக்கரி, பாலம், முதல் ரவுண்டானா. இரண்டாவது வரும்போது பட்டனக்கா காப்பித் தம்ளரோடு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். இந்த முறை திட்டவில்லை. மூச்சே விடவில்லை.

பஸ் வெண்ணெய் மாதிரி வழுக்கித் திரும்பியது. அவள் மூச்சுவிட்டாள், தம்ளரில் பாதி அவர் தோளில் சிந்தியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் ரவுண்டானா நடுவில் ஒரு பஸ் அசையாமல் நின்றது. நாற்பத்திரண்டு.

ஹெட்போனில் ஹாரன் மேல் ஹாரன். "யோவ்... நிக்குதுய்யா... என்னவோ போதலைன்னு வருது" என்று நாற்பத்திரண்டின் குரல், போன மாதம் கத்திய அதே குரல், கம்மிப்போய்க் கேட்டது.

பட்டனக்கா ஆவலோடு வீட்டுக்காரர் வாயைப் பார்த்தாள். நாலு வாரம் தின்ற அவமானம், இதோ வட்டியோடு திருப்பித் தரலாம்.

டிரைவர் இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, வண்டியை நிறுத்தினார்.

"ஹாரனை நிறுத்துங்கப்பா. அவன் வர்ற வரைக்கும் நிப்போம்." பிறகு கொஞ்சம் யோசித்து, "நாப்பத்திரெண்டு, பயப்படாதே. நினைவகம்தான். நாளைக்கு என் வீட்டுக்காரிகிட்ட வா. அவ சேர்த்து விட்டுடுவா" என்றார்.

பட்டனக்கா பின்னாலிருந்து எட்டி மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"சாம்பிள் இல்லாம வந்தா திருப்பி அனுப்பிடுவேன்!"