நாலு பேருக்கு இடமிருந்த சஹன்

ஆசிரியர்களுக்கு எயிட்ஸ் பற்றிப் பயிற்சி கொடுப்பதில் எனக்கு இப்போது துளி நம்பிக்கையும் இல்லை. கூப்பிடுகிறார்கள், போகிறேன், படம் போட்டுக் காட்டுகிறேன், வருகிறேன்.

முன்பு அப்படி இல்லை. கல்முனையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்த பயிற்சியில்தான் எனக்கு அந்த நம்பிக்கை விட்டுப்போனது. வந்திருந்தவர்கள் எல்லாம் அந்தப் பக்கத்துப் பாடசாலைகளில் சுகாதாரமும் விஞ்ஞானமும் படிப்பிக்கும் டீச்சர்மார். கெட்டிக்காரிகள், அதில் குறை சொல்ல மாட்டேன். முதல் நாள் ஆணுறை என்று நான் சொன்னதும் வாயைப் பொத்திச் சிரித்தவர்கள், கடைசி நாள் அந்தச் சொல்லைப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினார்கள். அதிலும் ஒரு விஞ்ஞான டீச்சர் மாதிரிப் பாடம் நடத்திய அழகைப் பார்த்து நானே கை தட்டினேன்.

"ஒரே கோப்பையில சோறு தின்டா எச்.ஐ.வி. தொத்துமா புள்ளையள்?" என்று அவர் கேட்டார். மாணவிகளாக நடித்த மற்ற டீச்சர்மார் "இல்ல டீச்சர்!" என்று கூரை அதிரக் கத்தினார்கள்.

அன்றைக்குத்தான் கொழும்பிலிருந்து ஒரு பெண்ணைப் பேச அழைத்திருந்தேன். கணவனிடமிருந்து அவளுக்கு எச்.ஐ.வி. வருத்தம் வந்தது. அவன் மௌத்தாகி, அவள் விதவையாகிவிட்டாள். கல்யாணத்துக்கு உம்மாவும் வாப்பாவும் கொடுத்த வீடு பக்கத்து ஊரில் பூட்டிக் கிடக்க, ஊர்வாய்க்குப் பயந்து, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளோடு கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்தாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்ட மகளுக்கு இந்த வருத்தம் இல்ல. அவவ இஞ்ச கொண்டுவந்து ஸ்கூல்ல சேக்கலாமா எண்டு உங்கட முகத்தப் பாத்து முடிவெடுக்கத்தான் வந்த."

பாதிப் பேர் அழுதார்கள். விஞ்ஞான டீச்சர் எழுந்து, "கூட்டி வாங்க தங்கச்சி. எங்கட புள்ள மாதிரிப் பாப்பம்" என்றார். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் பெருமைதான். என்னைச் சொல்ல வேண்டும்.

மற்ற நாட்களில் பகலுக்குப் பார்சல் சோறுதான். கடைசி நாள் என்பதால் அதிபர் ஆசைப்பட்டு சஹன் ஏற்பாடு செய்திருந்தார். சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். பாய் விரித்ததும் அவள் முதல் ஆளாகப் போய் ஒரு சஹனில் உட்கார்ந்தாள். சோற்றில் கை வைக்காமல் மற்றவர்களுக்காகக் காத்திருந்தாள்.

ஒருவரும் வரவில்லை. ஒரு டீச்சருக்குத் திடீரென்று சுகர் கூடிவிட்டது. இன்னொருவருக்குச் சுன்னத்தான நோன்பாம். பத்து மணிக்கு இரண்டு பற்றிஸும் ஒரு தேத்தண்ணியும் உள்ளே போனதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மிச்சப் பேர் மற்றச் சஹன்களில் எட்டும் ஒன்பதுமாக நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். நான் போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, விஞ்ஞான டீச்சரைக் கூப்பிட்டேன். அவர் வந்து என் காதருகே குனிந்தார்.

"தொத்தாதெண்டு எனக்குத் தெரியும் டீச்சர். ஆனா ஊட்டுல சின்னப் புள்ளையள் இரிக்கி."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சஹனைத் தூக்கி எறிந்திருப்பேன். அவள்தான் தடுத்தாள்.

"தின்னுங்க டீச்சர், சோறு ஆறுது."

நாலு பேருடைய இடத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சாப்பிட்டோம். பின்நேரப் பரீட்சையில் எல்லோரும் எல்லாவற்றையும் சரியாக எழுதினார்கள். சான்றிதழைப் பிடித்தபடி படமும் எடுத்தார்கள். நான் அவளை த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கே இறங்கியதும் அவள் கேட்டாள்.

"டீச்சர்மாரே இப்பிடி எண்டா, இன்டவலுக்குத் தின்னக்குள்ள என்ட புள்ளைக்குப் பக்கத்தில ஆரு இரிப்பாங்க, டீச்சர்?"

நான் இருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நான் என்ன, ஆறாம் வகுப்புப் பிள்ளையா? கொழும்பு பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். மகளை இன்றுவரை கூட்டி வரவில்லை.